கான்சர் இல்லை என்றார்கள்

ஸ்கேன் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் டொக்டர் முதலில் சொன்னது இது கான்சர் இல்லை என்பதைத்தான். சிங்களத்தில் சொன்னார். என் கணவர் ரிஸ்வான் உடனே அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டார். நானும் சொன்னேன். நாங்கள் விடியப்புறம் நுரைச்சோலையில் பஸ் ஏறி, கொழும்புக்கு வரும்வரை ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் பயந்துகொண்டு வந்திருந்தோம். அது இல்லை என்று ஆகிவிட்டதென்றால் வேறு எதைத்தான் தாங்க முடியாது என்று எனக்குப் பட்டது.

டொக்டர் எங்களைக் கொஞ்ச நேரம் அப்படியே இருக்க விட்டார். பிறகு இரண்டாவது படத்தை மாட்டினார்.

எப்படி அங்கே வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்லவேண்டும். நான் கற்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தவள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது மன்னாரிலிருந்து எங்களோடு விரட்டப்பட்டு வந்த ஆட்களில் பலர் காணி பார்க்கவும் வீடு கட்டவும் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தார்கள். நான் கற்பிட்டியில் கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, இங்கேயே வேர் பிடித்துவிட்டேன். ரிஸ்வானுக்கு வெங்காயத் தோட்டம். மகள் ஷிப்னா, அவளுக்குக் கீழே இம்ரான்.

ஒரு நாள் ஒரு பிள்ளையின் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வலது பக்க வரிசைப் பிள்ளைகளோடு டீச்சருக்கு என்ன கோபம் என்று கேட்டார். கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அதே மாதம் என் போனில் சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று மதுரங்குளிச் சந்தியில் திருத்தக் கொடுத்தேன். கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, போன் நல்லாத்தானே இரிக்கி டீச்சர் என்று திருப்பித் தந்தார். உம்மாவுக்குப் போன் போட்டு, நான் எப்போதும் வைக்கிற வலது காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. இடது காதுக்கு மாற்றினேன். உம்மா ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் இருந்தது, அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. தொழுகைக்கு வுளூ செய்யும்போது, முகத்தைக் கழுவக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு கழுவப் பழகினேன். இரத்தம் குறைவாக இருக்கும் என்று நினைத்து முருங்கையிலைச் சுண்டல் சாப்பிட்டேன்.

காதில் அழுக்கு என்று ஒருவர் சொட்டு மருந்து தந்தார். அக்கம்பக்கத்தார் நுரைச்சோலை அனல்மின் நிலையத்து நிலக்கரித் தூள் என்றார்கள். எங்கள் பக்கத்தில் யாருக்கு எது வந்தாலும் அந்தப் புகைக்கூண்டைத்தான் முதலில் காட்டுவோம். கடைசியில் புத்தளத்தில் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருவர் என்னைச் சிறிய கண்ணாடி அறைக்குள் இருத்தி, காதுகளில் கருவியை மாட்டிப் பரிசோதிக்கச் சொன்னார். பரிசோதித்த பெண் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லவேண்டும். வலது காதில் சத்தம் விழுந்தது, ஆனால் சொல் விழவில்லை. பல் என்றதற்குக் கல் என்றேன், மரம் என்றதற்கு என்ன சொன்னேனோ தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைக்கிறவள் நான். வெளியே வரும்போது எனக்கு வியர்த்திருந்தது. அந்த டொக்டர்தான், ஒரு காது மட்டும் இப்படி மங்குவது நல்லதல்ல, தலையை ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தத்தால் எடுக்கிற படம். ஒடுங்கிய குழாய்க்குள் அசையாமல் படுக்கவேண்டும். தகரக் கூரையில் கல் எறிவது போலச் சத்தம். நான் யாசீன் ஓதிக்கொண்டு கிடந்தேன். அதற்கான செலவுக்கு ரிஸ்வான் அடுத்த போகத்துக்குத் தோட்டத்தை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். எனக்குச் சொல்லவில்லை. அந்த வருடம் அவர் வேறொருவரின் தோட்டத்தில் கூலிக்குப் போனபோதுதான் தெரிந்தது.

இரண்டாவது படத்தில் டொக்டர் பேனாவால் காட்டினார். காதிலிருந்து மூளைக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற நரம்பும், நாங்கள் விழாமல் நிற்பதற்கான நரம்பும் எலும்பிலுள்ள ஒரே துவாரத்தால் போகின்றன. முகத்தை அசைக்கிற நரம்பும் பக்கத்திலேயே போகிறது. மின்சாரக் கம்பிக்கு ரப்பர் உறை இருப்பது போல நரம்புக்கும் உறை உண்டு. அந்த உறையில் முளைக்கிற கட்டி இது. வேறெங்கும் பரவாது. நகம் வளர்கிற வேகத்தைவிடக் குறைந்த வேகத்தில் வளரும். வருடக்கணக்காக இருந்திருக்கும், நான் அறியாமல். இப்போது வலது பக்கத்தில் இருப்பது பெரிதாகி மூளையின் அடித்தண்டை, அதாவது மூச்சையும் விழுங்குவதையும் பார்க்கிற இடத்தை, அழுத்துகிறது. எடுக்கத்தான் வேண்டும்.

பிறகு பேனா மற்றப் பக்கத்துக்குப் போனது. அங்கேயும் ஒன்று இருந்தது. சிறியது.

ஒரு பக்கத்தில் வந்தால் அது தற்செயல் என்றார். இரண்டு பக்கமும் வந்தால் அது பிறப்போடு வருவது, பெற்றவர்களிடமிருந்து வரக்கூடியது, மிகச் சிலருக்குத்தான் வரும். குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமல் போயிருக்கிறதா என்று கேட்டார்.

வாப்பாவுக்குக் காது கேட்காது என்றேன். இடம்பெயர்ந்து வந்த கவலையில் அப்படி ஆகிவிட்டது என்று உம்மா சொல்லுவார் என்றேன். நடக்கும்போது தள்ளாடுவாரா என்று கேட்டார். ரிஸ்வான் என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தக் கதை தெரியும், ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கதைப்பதில்லை.

எழும்பும்போது டொக்டர் ஒரு விஷயம் சொன்னார். நீங்கள் கடற்கரை ஆட்கள், கவனம், கடலிலோ களப்பிலோ தனியாக இறங்கவேண்டாம். தரையில் நிற்கக் கண் உதவி செய்யும், கால் உதவி செய்யும். தண்ணீருக்குள் தலை போய்விட்டால் மேல் எது கீழ் எது என்று இந்த நோய்க்காரர்களுக்குத் தெரியாது. மேலே வருகிறோம் என்று நினைத்து அடிக்கே போவார்கள். நெஞ்சளவு தண்ணீர் போதும்.

என் வாப்பா களப்பில் நெஞ்சளவு தண்ணீரில் மௌத்தானவர். மன்னாரில் தோணி வைத்திருந்த மனிதர். அகதி முகாமுக்கு வந்து சில வருடங்களில், காற்றில்லாத ஒரு நாள், வீச்சு வலையோடு இறங்கியவரை மையித்தாகத்தான் தூக்கிவந்தார்கள். அதற்கு முன்பே முகாமில் கதை பரவியிருந்தது. இந்தக் குடிசைக்கும் அந்தக் குடிசைக்கும் நடுவில் நேராக நடக்க ஏலாத மனிதன், கூப்பிட்டால் திரும்பாத மனிதன், எங்கேயோ களவாகக் கசிப்புக் குடிக்கிறான் என்று. அப்படிச் செத்ததும் கதை உறுதியாகிவிட்டது. மீன்காரன் நெஞ்சளவு தண்ணீரில் சாவானா? நான் அப்போது சின்னப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் குடிகாரன்ட மகள் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது சிலாபம் தாண்டும்வரை அழவில்லை. பிறகு நிறுத்த முடியவில்லை. ரிஸ்வான் என் இடது பக்கத்துக்கு மாறி உட்கார்ந்தார். அன்றிலிருந்து எங்கே போனாலும் அவர் அந்தப் பக்கம்தான்.

உம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எனக்கு வந்திருப்பதைச் சொல்லி, பிறகு டொக்டர் தண்ணீரைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். உம்மா கதிரையில் இருந்தபடியே கேட்டார். என் தலையைத் தடவுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்.

"அந்த மனுசன் தூங்கின பொறகு நான் வாயை மணந்து பாப்பன். ஒருநாளும் மணக்கல்ல. மணக்காத சாராயமும் இரிக்கி எண்டு சொன்னாங்க. நானும் நம்பிட்டன்."

அதற்குப் பிறகு என்னைச் சுகம் விசாரிக்க வந்த எவரிடமும் உம்மா என்னைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அவர் குடிக்கல்ல, அது தலைக்குள்ள வந்த கட்டி, டொக்டரே சொல்லிட்டாரு என்று வாப்பாவைப் பற்றித்தான் சொன்னார். வந்தவர்களில் பாதிப்பேருக்கு வாப்பாவைத் தெரியாது. அன்றைக்குக் கதை கட்டியவர்களில் சிலர் மௌத்தாகிவிட்டார்கள், சிலர் மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள். உம்மா அவர்களின் போன் நம்பர்களைத் தேடி எடுத்து, கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கத்தில் என்ன பதில் வந்ததோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போவார்.

கொழும்பு அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டில் ஒப்பரேஷனுக்காகக் காத்துக் கிடந்தேன். ஒரு தடவை என்னைத் தயார்படுத்தி, தலைமயிரில் ஒரு பக்கம் மழித்து, தண்ணீரும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, இன்றைக்கு இல்லை என்றார்கள். ஒப்பரேஷனுக்குப் பிறகு என்னை வைக்கவேண்டிய கட்டில் விபத்தில் அடிபட்ட ஒரு பிள்ளைக்குப் போய்விட்டது. அதில் யாரைக் குறை சொல்வது? பாதி மழித்த தலையை முக்காட்டால் மூடிக்கொண்டு இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் முன்னேஸ்வரத்தைச் சேர்ந்த பாக்கியம் அக்கா. அவருக்கும் தலையில் கட்டி, ஆனால் வேறு வகை. மூளையை மூடியிருக்கிற சவ்வில் வருவது. முழுதாக எடுத்துவிட்டார்கள். நான் வந்தபோது அவர் எழும்பி நடமாடிக்கொண்டிருந்தார். தாதிமார் சிங்களத்தில் வேகமாகச் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வார். தன் மகன் கொண்டுவந்த பாணில் பாதியை எனக்கு வைப்பார். இதுவும் நல்ல கட்டிதானே தங்கச்சி, நீங்களும் இப்பிடித்தான் நடந்து போவீங்க என்றார். வீட்டுக்குப் போகிற அன்று கோயில் திருநீற்றை என் தலையணைக்கு அடியில் வைக்கட்டுமா என்று கூச்சத்தோடு கேட்டார். நான் சிரித்துவிட்டு, துஆ மட்டும் செய்யுங்கள் அக்கா என்றேன். அவர் வாட்டின் வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

சத்திரசிகிச்சை டொக்டர் நல்ல மனிதர். எதையும் மூடவில்லை. வலது காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தி போய்விடும். முகத்து நரம்பைக் காப்பாற்ற முயற்சிப்போம், உறுதி தர ஏலாது என்றார். தியேட்டர் கதவடியில் ரிஸ்வான் என் இடது காதுப் பக்கம் குனிந்தார். அவர் அதிகம் கதைக்கிறவர் இல்லை. நான் இஞ்சதான் நிக்கிறன் என்று மட்டும் சொன்னார்.

கண் விழித்தபோது டொக்டர் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். மூடினேன் என்றுதான் நினைத்தேன். வலது கண்ணால் அவர் முகம் தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு அவர் விளங்கப்படுத்தினார். அந்த நரம்பு கட்டியின்மேல் ஈரக் கடதாசி போல மெலிந்து ஒட்டிக் கிடந்திருக்கிறது. அதைக் கிழிக்காமல் இருக்க, கட்டியில் ஒரு துண்டை அப்படியே விட்டுவிட்டார்கள். விட்டும் நரம்பு எழும்பவில்லை. சில மாதங்களில் முகத்தின் அசைவு திரும்ப வரலாம் என்றார். வரவில்லை.

ஷிப்னா பார்க்க வந்தபோது முகத்தைப் பார்க்கப் போனைத் தரச் சொன்னேன். சார்ஜ் இல்ல உம்மா என்றாள். அவள் பையில் அது வெளிச்சம் விட்டுக்கொண்டிருந்ததை நான் கண்டேன்.

மூடாத கண் காய்ந்தால் குருடாகிவிடும். ஒவ்வொரு மாலையும் களிம்பு பூசி, இமையை இழுத்து பிளாஸ்டர் ஒட்டவேண்டும். அதை ரிஸ்வான் கையில் எடுத்துக்கொண்டார். வெங்காயம் பிடுங்கி வெடித்த விரல்கள். கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முகர்ந்து பார்த்து, திரும்பக் கழுவுவார். வெங்காய வாடை போகும்வரை என் பக்கம் வரமாட்டார். பிளாஸ்டரை ஒட்டிவிட்டு, எரியுதா என்று கேட்பார். எரிந்தாலும் இல்லை என்பேன்.

பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் போனேன். ஒரு காதால் கேட்கிறவருக்குச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. முப்பது பிள்ளைகள் ஒன்றாகக் கதைத்தால் அது இரைச்சல் மட்டும்தான். ஒரு பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு கொப்பியை நீட்டியது. நான் திருத்திக் கொடுத்தேன். மருத்துவக் காரணத்தால் ஓய்வு கேட்டு எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கூட அதிபர் தடுக்கவில்லை.

பிள்ளைகள் இரண்டு பேரையும் பரிசோதிக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் விடலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு. ரிஸ்வான் அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டார். நானும் அவரை அவசரப்படுத்தவில்லை. அவருடைய கூடப்பிறந்த ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்து, கொமர்ப்புள்ளய ஏன் ஸ்கேனுக்குக் கொண்டு போறீங்க, ஒண்டு இரிக்கி எண்டு ஊருக்குத் தெரிஞ்சா யார் பொண் கேட்டு வருவாங்க என்றார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஷிப்னா தேத்தண்ணிக் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

"மாமி, எனக்கு இரிக்கா இல்லயா எண்டு தெரியாமயே வுட்டா, ஒரு நாளைக்கு என்னையும் களப்புலதான் தேடுவீங்க."

குரலை உயர்த்தாமல் சொன்னாள். மாமி தேத்தண்ணியைக் குடிக்காமலே போனார்.

இம்ரானுக்கு ஒன்றும் இல்லை. ஷிப்னாவுக்கு இரண்டு பக்கமும் இருந்தது. மிளகுக் கொட்டையைவிடச் சின்னது என்று டொக்டர் சொன்னார். மகனுக்காகச் சந்தோஷப்படவும் அவள் முன்னால் வெட்கமாக இருந்தது. இப்போதைக்கு ஒன்றும் செய்யவேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை பார்ப்போம் என்றார். வெளிநாட்டில் ஒரு ஊசி கொடுக்கிறார்கள், சிலருக்குக் கட்டி சுருங்குகிறது, சிலருக்கு இல்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. அறையை விட்டு வந்ததும் ரிஸ்வான் சுவரில் சாய்ந்து நின்றார். அல்ஹம்துலில்லாஹ், கான்சர் இல்லை என்று அன்றைக்கும் ஒரு சொந்தக்காரர் போனில் சொன்னார்.

என் இடது காது ஒரே நாளில் போகவில்லை. முதலில் பள்ளிவாசல் பாங்கு தூரமானது. பிறகு ரிஸ்வானின் குரல், பிறகு ஷிப்னாவின் குரல். கருவி வாங்கி மாட்டினோம். அது சத்தத்தைப் பெரிதாக்கியது, சொல்லைத் தரவில்லை. இடது பக்கக் கட்டியை எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேட்டேன். எடுத்தால் கேட்கும் சக்தி உடனே போகும், விட்டால் மெல்லப் போகும், அந்தப் பக்க முகமும் இருக்கிறதே என்றார். நான் விட்டேன். கடைசியாகக் கேட்டது எது என்று சிலர் கேட்கிறார்கள். தெரியாது. அதுதான் கடைசி என்று அந்த நேரம் யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோட்டத்துத் தண்ணீர் மோட்டாராக இருக்கலாம். இப்போது தலைக்குள் ஒரு இரைச்சல் மட்டும் ஓயாமல் இருக்கிறது. தூங்கும்போதும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இதை எழுதச் சொன்னது ஷிப்னாதான். போனில் எழுதிக் காட்டினாள்: உம்மா, எது முதல்ல வரும், எது பொறகு வரும் எண்டு எழுதித் தாங்க. பயப்படுத்தவும் வேணாம், பொய்யும் வேணாம். அவளுக்காகத்தான் வுளூவில் சாய்ந்ததையும், எரிந்தும் இல்லை என்றதையும் எழுதியிருக்கிறேன். எப்படித் தாங்குவது என்றும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை மகள். நான் தாங்கவில்லை. நாட்கள் போயின, அவ்வளவுதான்.

உதட்டசைவை வாசிக்கும் என் பழக்கத்துக்கும் அவள்தான் ஆசிரியை. என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்து, ஒரு சொல்லை மெதுவாகச் சொல்லுவாள். நான் பிழையாகச் சொல்வேன். திரும்பச் சொல்லுவாள். ஒரு சொல்லுக்கு நாலைந்து தடவை ஆகும். சலிக்கமாட்டாள்.

இந்த வருட ஸ்கேனுக்குத் தகப்பனும் மகளும் போனார்கள். நீண்ட பயணம் எனக்கு ஏலாது என்று என்னை உம்மாவோடு விட்டுவிட்டுப் போனார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரிஸ்வான் கேற்றைத் திறந்து, என்னைப் பார்க்காமல் நேரே கிணற்றடிக்குப் போனார். ஷிப்னா பையைத் தோளிலிருந்து இறக்காமலே என் முன்னால் வந்து நின்றாள். போனை எடுக்கவில்லை. என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, ஒரே ஒரு சொல் சொன்னாள். குரலோடு சொன்னாளா, உதட்டால் மட்டும் சொன்னாளா, தெரியாது.

வளர்ந்திரிக்கி.

முதல் தடவையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. நான் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.